ஓய்வு நேரக் கைவேலை: ஊசி பிடிக்கப் பழகுவோம்

சென்ற இதழில், குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறத்தில் கீரைப் பாத்தி அமைப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர் சங்கக் கூட்டத்தில் நம்மைக் கண்டு, "கீரை இருக்கட்டும், பிள்ளைகளின் துணிமணிகளைத் தைக்கவும் பழுது பார்க்கவும் வழி சொல்லக் கூடாதா? ஒரு பித்தானுக்குக்கூடக் கடை ஏற வேண்டியிருக்கிறதே!" என்று கேட்டார். அருகிலிருந்த நண்பர்கள் சிரித்தனர். தையலைப் பற்றிப் போயும் போயும் ஓர் ஆண்மகனிடம் கேட்கிறாரே என்பது அச்சிரிப்பின் பொருள். நாமும் உடன் சிரித்து வைத்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியில், அப்படிச் சிரித்தது தவறு என்று தோன்றியது. ஏனெனில் நமக்குத் தையல் தெரியும். அது தெரியவந்த வரலாற்றை இதுநாள்வரை எவரிடமும் சொன்னதில்லை. இத்திங்கள் அதையே எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில், மயிலாடுதுறையில் நம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாகச் செய்தி வந்தது. நம் இல்லாள் அன்றிரவே புறப்பட்டாள். மூன்று மாத காலம் அவள் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. கரக்பூரில் நாமும் நம் மகளும் மட்டுமே. மகள் அப்பொழுது மூன்றாம் வகுப்பு. சோறு வடிப்பதும் தலை பின்னுவதும் ஒருவாறு கைவந்தன. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவளுடைய பள்ளிப் பாவாடையின் கீழ் மடிப்பு முழுவதும் பிரிந்து தொங்குவதைக் கண்டோம். மறுநாள் பள்ளி.

கோல் பஜாருக்கு ஓடினோம். பூஜைக்கு இரண்டு வாரமே இருந்தது. வங்காளத்தில் பூஜைக்கு முந்திய வாரங்களில் தையற்கடை எப்படி இருக்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். தையற்காரர் நல்ல மனிதர்தாம். தைத்து முடியாத துணிகள் அவர் தலைக்குமேல் குவிந்திருந்தன. "பூஜை முடியட்டும் ஐயா, இந்தச் சின்ன வேலையை இப்பொழுது தொட முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. வேறு இரண்டு கடைகளிலும் அதே விடைதான்.

வீட்டுக்கு வந்து, பிஸ்கட் டப்பாவில் இல்லாள் வைத்திருந்த ஊசியையும் நூலையும் எடுத்தோம். பத்தாண்டுகளாக அலுவலகக் கோப்புகளுக்கு நாடா கோத்த கை நம்முடையது. ஆயினும் அந்த ஊசிக் காதில் நூல் நுழைய மறுத்தது. நுழைந்தபின் முடிச்சு நிற்க மறுத்தது. இரவு பத்து மணிக்குப் பொறுமை இழந்து, மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துக் காகிதத்தை இணைப்பதுபோல் மடிப்பைச் சுற்றிலும் குத்தி முடித்தோம். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டு உறங்கினோம்.

மறுநாள் மாலை, கால் கழுவும்போது குழந்தை முகம் சுளித்தாள். பார்த்தால், முழங்காலைச் சுற்றி நாலைந்து சிவந்த கீறல்கள். ஒன்றில் இரத்தம் உறைந்திருந்தது. கம்பியின் முனைகள் நாள் முழுதும் உரசியிருக்கின்றன. "ஏன் அம்மா, ஆசிரியையிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றோம். "சொன்னால், யார் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பார்களே, அப்பா" என்றாள். அம்மறுமொழி நம்மை என்ன செய்தது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அது விளங்கும்.

அன்றிரவே பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினோம். அங்கே வசிக்கும் வங்காள மூதாட்டியை எங்கள் வரிசையில் அனைவரும் மாசிமா என்றே அழைப்போம். பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக நூலோட்டிக் காந்தா என்னும் போர்வை தைப்பதில் அவர் தேர்ந்தவர். அந்நாளில் அதற்குரிய வண்ண நூலைக்கூடப் பழஞ்சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்களாம். சாந்திநிகேதன் அங்காடிகளில் பெருவிலை பெறும் வேலைப்பாட்டுக்கும் அடிப்படை இந்த எளிய ஓட்டுத்தையலேயாகும்.

மாசிமா பாவாடையைத் தாமே தைத்துக் கொடுத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கிழிந்த கம்சாத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அதிலிருந்த கட்டத்தின் கோட்டைக் காட்டி, "இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு தைத்துக்கொண்டு வா. அது முடிந்தபின் பாவாடையைப் பார்ப்போம்" என்றார். முதற்கோடு பாம்பு ஊர்ந்த தடம்போல் இருந்தது. மூன்றாவது கோடு கோடாகவே இருந்தது. மறுநாள் இரவு நம் கையாலேயே அந்த மடிப்பைத் தைத்தோம். ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. பூஜை விடுமுறை வரையில் அது பிரியவில்லை.

நாம் கற்ற பாடம் இதுதான்: தையலைப் பெரிய துணியில் தொடங்கலாகாது. ஒரே அமர்வில் முடியக்கூடிய, வீட்டுக்கு உண்மையில் தேவையான சிறு பொருளில் தொடங்க வேண்டும். தொடங்கியதை முடிக்க வேண்டும். ரவிக்கையில் தொடங்கியவர்களுடைய அரைகுறைத் துணிகள் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன! ஒவ்வொரு சிறு பொருளும் ஒவ்வொரு வித்தையைக் கற்றுத் தரும். அவ்வரிசையைக் கீழே தருகிறோம்.

முதலில் வேண்டிய கருவிகள். கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். சாதாரணப் பருத்திக்கு 7 அல்லது 8ஆம் எண் போதும். தையல் மிஷின் ஊசிக்கோ இது நேர்மாறு; எண் கூடினால் ஊசி தடிக்கும். இதை அறியாமல் கடையில் ஏமாறுவோர் உண்டு. துணிக்கென்று ஒரு கத்தரி இருக்கட்டும். அதனால் காகிதத்தை வெட்டினால் முனை மழுங்கிவிடும். அங்குல நாடா, குண்டூசி, குறியிடச் சுண்ணக்கட்டி, வெள்ளையும் கறுப்புமாக இரண்டு நூற்கண்டுகள். இவ்வளவே. நூலை ஒரு முழத்துக்குமேல் எடுக்க வேண்டாம். நீளமாக எடுத்தால் அடிக்கடி கோக்கும் தொல்லை இல்லை என்று நினைப்போம். ஆனால் சிக்கு விழுந்து அதைவிடத் தொல்லை தரும். புதுப் பருத்தித் துணியானால் ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே வெட்டுக. இல்லாவிடில் தைத்தபின் முதற் சலவையில் சுருங்கி நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

முதற்பொருள் கைக்குட்டை. மல் துணியில் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்க. ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து நகத்தால் அழுத்தி, மீண்டும் கால் அங்குலம் மடிக்க வேண்டும். பிசிறு உள்ளே ஒளிந்துவிடும். மடிப்பைக் குண்டூசியால் நிறுத்திக்கொண்டு, கீழ்த்துணியில் ஓரிரண்டு இழைகளை மட்டும் ஊசியால் எடுத்து, மடிப்பின் விளிம்பில் குத்தி இழுக்க. பள்ளிப் பாவாடையின் கீழ் மடிப்புக்கும் வேட்டியின் ஓரத்துக்கும் இதே தையல்தான். நூலை வலிந்து இழுத்தால் துணி சுருங்கும். தளர விட்டால் விரல் மாட்டி அறுபடும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைக் கை தானே கண்டுகொள்ளும். மூன்று கைக்குட்டைகள் தைத்தால் போதும்.

இரண்டாவது, பித்தான். பித்தானைத் துணியோடு ஒட்டித் தைத்தால் காஜாவுக்குள் நுழையாது. நுழைத்தாலும் விரைவில் அறுந்துவிடும். பித்தானின்மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அக்குச்சியின்மேலாகவே நூலை ஐந்தாறு முறை போக்கி வர வேண்டும். பின் குச்சியை உருவிவிட்டுப் பித்தானைச் சற்று உயர்த்தி, அதற்கும் துணிக்கும் இடையே நூலை மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் முடிச்சிடுக. பித்தானுக்கு ஒரு சிறு கழுத்து அமைந்துவிடும். நாம் இவ்வாறு தைத்த சட்டைப் பித்தான்கள் இன்னும் கழலவில்லை.

மூன்றாவது, தலையணை உறை. நடுவில் நைந்துபோன வேட்டி எந்த வீட்டிலும் இருக்கும். அதன் ஓரப் பகுதி இன்னும் உறுதியாகவே இருக்கும். தலையணை 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உடையதாயின், 56 அங்குல நீளமும் 17½ அங்குல அகலமும் கொண்ட ஒரே துண்டாக வெட்டுக. இரு முனைகளையும் ஓர் அங்குலம் மடித்துக் கைக்குட்டைக்குச் சொன்ன தையலால் முடிக்க. துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, 24 அங்குலத்தில் ஒரு மடிப்பு மடித்தால், எஞ்சிய ஆறு அங்குலம் ஒரு புறத்தில் நீண்டு நிற்கும். அதை மேலே மடித்துப் படிய வைத்து, இரு பக்கங்களையும் தைத்துத் திருப்பினால், பித்தானும் நாடாவும் வேண்டாத உறை கிடைக்கும்; தலையணை வெளியே நழுவாது. இங்கே ஓட்டுத்தையல் போதாது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பாதி தூரம் பின்னே கொண்டுவந்து குத்தி முன்னே எடுக்கும் தையல் வேண்டும். அது மிஷின் தையலுக்கு நிகரான பிடிப்புள்ளது. உள்ளே நிற்கும் வெட்டு விளிம்பில் பிசிறு எழாதபடி நூலைச் சுற்றிச் சுற்றிப் போட்டுவிடுக.

நான்காவது, துணிப்பை. தமிழ்நாட்டில் அரசாங்கம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைத் தொடங்கியதையும், 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிப்புள்ள பிளாஸ்டிக் பைகள் 2022ஆம் ஆண்டு முடிவிலிருந்து நாடெங்கும் தடைப்பட்டதையும் நேயர்கள் அறிவார்கள். நம் தாத்தாமார் கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த பையை நாமே தைத்துக்கொள்ளலாம். காடாத் துணி நன்று. பையின் உடல் தலையணை உறைபோன்றதே. புதிதாகக் கற்க வேண்டியது கைப்பிடி. பையின் கனம் முழுவதையும் தாங்குவது அது பையோடு சேரும் நான்கு இடங்களே. அங்கே ஓரிழை தைத்தால் முதல் நாள் உருளைக்கிழங்கோடு பிய்ந்து விழும். நான்கு பக்கமும் சதுரமாகத் தைத்து, அச்சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காகவும் தைக்க வேண்டும். பாரம் விழும் இடத்தை முதலில் அறிந்து அங்கே பலப்படுத்துவது, பாலம் கட்டுவோர்க்கும் பை தைப்போர்க்கும் பொதுவான விதியாகும்.

இந்த நான்கும் முடிந்த பின்னரே மிஷினைப் பற்றி நினைக்கலாம். இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகளே, 1924இல் இதைப் பற்றிய உரையாடலொன்றில், சிங்கர் தையல் மிஷினை விலக்காக எடுத்துச் சொன்னார் என்பது குறிப்பிடத்தக்கது. நம் நாட்டு உஷா மிஷின் பிறந்ததும் நமக்கு அண்மையிலுள்ள கல்கத்தாவில்தான். மிஷின் ஊசியின் காது அடிமுனையில் இருப்பதை வியந்து பார்த்திருப்போம். அதுவே அதன் இரகசியம். ஊசி துணியைத் துளைத்துக் கீழே போய்ச் சற்று மேலெழும்போது மேல்நூல் ஒரு சிறு வளையமாகிறது. அவ்வளையத்துக்குள் பாபின் நூல் புகுந்து செல்ல, இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் நாம் பாபினைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் பிழை மேல்நூல் கோத்ததில் இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து கோத்தால் சரியாகிவிடும்.

பழக்கத்துக்கு ஓர் எளிய வழி. நூலில்லாமல் பழைய ஊசியை மாட்டி, கோடிட்ட நோட்டுத்தாளின் மேல் மிஷினை ஓட்டிப் பாருங்கள். துளைகள் கோட்டின்மேல் விழும்வரை துணியைத் தொட வேண்டாம். நாம் இருபது தாள்களைத் துளைத்தோம்.

இனிச் சிறுமிக்கு ஒரு நாடாப் பாவாடை. வளைவு வெட்டு இல்லை, எல்லாம் நேர்க்கோடே. அகலம் இடுப்பளவைப் போல் இரு மடங்கு. இடுப்பு 22 அங்குலமாயின் 44 அங்குலமும், அதற்குமேல் பக்கத் தையலுக்கு ஓர் அங்குலமும். உயரத்துக்கு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான அளவோடு, நாடா ஓடும் மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் கீழ் மடிப்புக்கு இரண்டு அங்குலமும் சேர்க்க. பக்கத்தைத் தைக்கும்போது மேலே நான்கு அங்குலம் திறந்து விடுக. மறந்தால் நாடா நுழைய வழியிராது. இன்னும் ஒன்று: வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உயரத்தில் மேலும் இரண்டு அங்குலம் கூட்டி, கீழ்ப்பகுதியில் அரை அங்குல ஆழத்தில் இரண்டு மடிப்புகள் பிடித்துத் தைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் ஓர் அங்குலத் துணியை உள்ளே வைத்துக்கொள்ளும். பிள்ளை உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். நம் அன்னையர் இதைச் செய்தபொழுது அழகுக்காக என்று நினைத்திருந்தோம்.

இவ்வாறு எழுதுவதால் தையற்காரர் பிழைப்புக்கு நாம் இடையூறு செய்வதாக எவரும் கருத வேண்டாம். ரவிக்கையும் சட்டையும் வெட்டுவது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. அதற்கு உரிய கூலியை முணுமுணுக்காமல் கொடுப்போம். ஒரு பித்தானுக்கும் ஒரு மடிப்புக்கும் அவரை நச்சரியாதிருப்பது அவருக்கும் நலமே. கைத்தையல் பெண்டிர்க்கே உரியது என்பாருக்கும் ஒரு சொல். தையற்கடைகளில் மிஷினின் முன் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் ஆடவர் என்று எண்ணிப் பார்க்கட்டும். கூலி கிடைக்கும் இடத்தில் ஆணுக்கு இழிவில்லாத தொழில், தன் வீட்டுக்குள் எப்படி இழிவாகும்? ஊரில் இருந்தால் அத்தை, சித்தி, பெரியம்மா என்று பத்துக் கைகள் உதவிக்கு உண்டு. ஆயிரம் மைலுக்கப்பால் வந்து குடியிருக்கும் நமக்கு வீட்டிலுள்ள கைகளே உதவி. அவற்றுள் இரண்டைச் சும்மா வைத்திருப்பது கட்டாது.

கார்த்திகையில் நம் இல்லாள் ஊரிலிருந்து திரும்பினாள். பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கும்போது அந்தப் பள்ளிப் பாவாடை கையில் பட்டது. மடிப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் தையல் கோணியிருந்ததையும் கண்டாள். "யார் தைத்தது?" என்று கேட்கவில்லை. பிரித்துச் செம்மையாகத் தைத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. அப்படியே மடித்து வைத்தாள். அடுத்த தை மாதம் கைமாற்றாக வந்த பழைய மிஷின் ஒன்றை வாங்கினோம். மேலே சொன்ன நாடாப் பாவாடையை இருவருமாகவே கற்றுத் தைத்தோம். மகள் இப்பொழுது ஆறாம் வகுப்பு. அப்பாவாடையின் முதல் மடிப்பைச் சென்ற ஆண்டு அவளே பிரித்தாள். இரண்டாவது இன்னும் இருக்கிறது.

வரும் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூடத்தில், கைக்குட்டையும் பித்தானும் தைக்கப் பழகுவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். மாசிமாவும் வர இசைந்திருக்கிறார். ஊசியும் நூலும் சங்கத்தில் கிடைக்கும். பழந்துணித் துண்டு ஒன்றை மட்டும் கொண்டு வருக. நம்மைப் பார்த்துச் சிரித்த நண்பர்களைத் தனித்தனியே அழைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளில், பையன்களையும் அவசியம் அழைத்து வர வேண்டுகிறோம்.

அடுத்த இதழில், பழஞ்சேலையைக் கொண்டு குழந்தைகளுக்குக் காந்தாப் போர்வை தைக்கும் முறையை மாசிமாவிடம் கேட்டு எழுதுவோம்.